குசினிப் பலகையும் கல் தூசியும்

(கோப்பெங்கில் ஆற்றிய உரை)



தாமான் வீடுகளில் குசினி மேடைக்குப் பலகை வாங்கி, கூலி மிச்சமென்று வாசலிலேயே அறுக்கிறோம். பால்மரம் வெட்டிய கைக்கு அது பெரிதல்லதான். ஆனால், அறுப்பது எது என்று தெரிய வேண்டாமா?

கடையில் இரண்டும் ஒன்றுபோலவே பளபளக்கும். ‘சாலிட் சர்பேஸ்’ என்பது அக்ரிலிக் பிசினில் அலுமினிய ஹைட்ராக்சைடுத் தூள் கலந்தது. கார்பைடு பல் வைத்த ரம்பத்துக்கு மரம்போல் அறுபடும். இருபுறமும் முட்டுக் கொடுத்து, திறந்த வெளியில், கண்ணாடியும் என்95 முகமூடியும் அணிந்து, நிதானமாகத் தள்ளுங்கள். மூக்கில் கட்டிய துண்டு நுண்தூசியைத் தடுக்காது. விழுந்த தூசியைக் கூட்டாமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

மற்றது ‘குவார்ட்ஸ்’ செயற்கைக் கல். அதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேலும் சிலிக்கா இருக்கலாம். அந்தத் தூசி நுரையீரலைத் தழும்பாக்கிவிடும், குணமாக்க மருந்தில்லை. ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அக்கல்லுக்குத் தடையே போட்டது. வீட்டில் அதை அறுக்கவே வேண்டாம். சாதாரண மின்ரம்பத்தில் தண்ணீர் ஊற்றினால் மின்சாரம் தாக்கும். அது இன்னொரு வினை.

வாங்கும்போதே பொருளின் பெயரைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். கிராணிமார்கள் படித்துச் சொல்லட்டும். குவார்ட்ஸ் என்றால் அளவு கொடுத்துக் கடையிலேயே அறுத்து வாங்குங்கள். அங்கே அறுப்பவரும் நம்மைப்போல் கூலிக்காரர்தான். தண்ணீர் விடாமல், முகமூடி கொடுக்காமல் அறுக்கவிடும் கடையென்றால், பலகையை அங்கே வாங்காதீர்கள்.