ஆனைக்கு ஊர் ஏது?
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

ஆண்டு விழாவில் இலக்கியம் பேசுவது நம் வழக்கம். இவ்வாண்டோ, இளவேனிற்கால ஞாயிறு ஒன்றில் நம் சங்கத்தார் நாற்பது பேர் பன்னேருகட்டா தேசியப் பூங்காவுக்குச் சென்று வந்த செய்தியைக் கூறுமாறு செயற்குழுவினர் பணித்தனர். கண்டதையும் கற்றதையும் சுருங்கச் சொல்லி அமைகின்றோம்.

விடியற்காலையில் நம் தெருவிலிருந்து பேருந்து புறப்பட்டது. முப்பது கிலோமீட்டர் தொலைவுக்குள் இப்படி ஒரு காடு உண்டென்பதை நம்மில் பலர் அன்றுதான் உணர்ந்தோம். 1974-ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பெற்ற அக்காடு, பின்னர் விரிவாக்கப்பெற்று, இன்று 260 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட பரப்புடையதாய்த் திகழ்கின்றது.

வழியெல்லாம் புங்கமரங்கள் தளிர்த்துப் பூத்திருந்தன. உதிர்ந்த பூக்கள் நிலத்தை மூடிக் கிடந்தன. இப்பூவைப் பொரிக்கு ஒப்பிட்ட சங்கப் புலவரின் கண்கூர்மையை எண்ணி வியந்தோம். இம்மரத்தைக் கன்னடர் ‘ஹொங்கே’ என்பர். நம் புலி அவர்க்கு ஹுலி. நம் பூ அவர்க்கு ஹூ. பழங்கன்னடத்தில் அவையும் பகரத்திலேயே தொடங்கின. கரடியோ இரு மொழியிலும் கரடியே! சிறுவர்கள் இதனை ஒரு விளையாட்டாகவே ஆடிக் களித்தனர்.

கம்பிவலை அடித்த வண்டியில் அமர்ந்து சிங்கம், புலி, கரடி ஆகியவற்றைக் கண்டோம். புள்ளிமான்கள் நிழலில் அசைபோட்டுக் கொண்டிருந்தன. 2006-இல் திறக்கப்பெற்ற வண்ணத்துப்பூச்சிப் பூங்காவை விட்டு வரக் குழந்தைகளுக்கு மனமில்லை. ஆயினும் இவையெல்லாம் வேலிக்குள் உள்ள காட்சிகள். வேலிக்கு அப்பாலுள்ள காடே நமக்குப் பாடம் புகட்டியது.

திரும்பும்போது ஆனேக்கல் செல்லும் சாலையில், காட்டோரம் வண்டியை நிறுத்திக் கட்டுச்சோற்றைப் பிரித்தோம். புளியோதரை மணம் எழுந்தது; பாட்டும் எழுந்தது. சிறிது நேரத்தில் வனக்காவலர் ஒருவர் விரைந்து வந்தார். சினந்து பேசவில்லை, சற்றுத் தொலைவில் கிடந்த யானை இலத்தியைச் சுட்டிக் காட்டினார். அதன் ஈரம் இன்னும் உலரவில்லை. யானை நடக்கும் வழியிலேயே நாம் பந்தி விரித்திருந்தோம்! பிழை முழுதும் நம்முடையதே. பிளாஸ்டிக் உறைகளைப் பொறுக்கிக்கொண்டு நாணத்தோடு எழுந்தோம்.

அப்போது நம் சிறுமி ஒருத்தி, “இந்த யானை கன்னட நாட்டு யானையா, தமிழ்நாட்டு யானையா?” என்று வினவினாள். அவள் கேட்டதை நாம் கன்னடத்தில் எடுத்துரைத்தோம். காவலர் நகைத்துவிட்டு, “ஆனைக்கு ஊர் ஏது, தாயே? தாரிதான் உண்டு” என்னும் பொருள்படக் கன்னடத்தில் விடையிறுத்தார். தாரி என்பது வழி. அச்சொல் நமக்கும் உரியதே.

அவர் கூற்று முற்றிலும் உண்மை. அக்காடு தெற்கே நீண்டு தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிக் காடுகளோடு இணைகின்றது. இராகி விளையும் பருவத்தில் யானைக் கூட்டங்கள் கர்நாடகத்திலிருந்து தளி வழியாக ஓசூர்ப் பக்கம் செல்வதும், பின்னர் மீள்வதும் ஆண்டுதோறும் நிகழ்வன. பயிரை இழக்கும் உழவரின் துயரும் அதனோடு சேர்ந்ததே. தமிழக அரசு 2022-இல் 686 சதுர கிலோமீட்டர் பரப்பில் காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயத்தை அறிவித்தது. இப்பாலும் அப்பாலும் காப்பிடம் உண்டு. இடையிலுள்ள வழியே குறுகி வருகின்றது. பன்னேருகட்டாவைச் சூழ்ந்த காப்பு வளையத்துக்கு 2016-ஆம் ஆண்டு வரைவில் 268.96 சதுர கிலோமீட்டர் குறிக்கப்பெற்றது. 2020-இல் வந்த இறுதி அறிவிக்கையில் அது 168.84 ஆகச் சுருங்கியது. எஞ்சிய நிலத்தில் வீட்டுமனைக் கற்கள் முளைத்தால், யானை எவ்வழியே நடக்கும்?

அன்பர்களே! நம் முன்னோரும் பிழைப்புத் தேடி வழி நடந்து வந்தவர்களே. நம்முடன் வந்த பெரியவர் ஒருவர், தம் தந்தையார் ஆலை வேலை நாடித் தேன்கனிக்கோட்டையிலிருந்து தளி, ஆனேக்கல் வழியாகவே இவ்வூர் அடைந்தார் என்று அங்கே நினைவுகூர்ந்தார். சற்று நேரம் எவரும் பேசவில்லை. வழி திறந்திருந்தமையால் நாம் வாழ்ந்தோம். வாயில்லா உயிர்க்கு அவ்வழியை அடைப்பது நமக்கு அடுக்குமா?

ஆகவே ஒரு வேண்டுகோள். நம்மில் மனை வாங்க எண்ணுவோர், அந்நிலம் யானைவழியில் உள்ளதா என்று கேட்டறிந்த பின்னரே முன்பணம் கொடுக்க வேண்டும். ஆண்டுதோறும் இளவேனிலில் நம் பிள்ளைகளை அக்காட்டுக்கு அழைத்துச் செல்வோம். மரங்களின் பெயர்களை இரு மொழியிலும் கற்பிப்போம். கட்டுச்சோற்றை மட்டும் வீடு திரும்பிய பின் பிரிப்போம்!