வெள்ளைத் தொப்பியும் ஊட்டிப் புகையும்

(ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் இத்தலார் குழு உறுப்பினர் ஒருவர் பேசியது)

போன வருஷம் இதே இடத்துல நின்னு கடன் அடைச்ச கதையைச் சொன்னேன். இந்த வருஷம் வண்டிப் புகையைப் பத்திப் பேசணும்னு நானே கேட்டு வாங்கினேன். "இத்தலார்ல ஏது வண்டிப் புகை? டீ ஃபேக்டரி வாசம்தானே வரும்"னு எங்க குழுவிலேயே சிரிச்சாங்க. சிரிக்கட்டும்.

2025 மே மாசம், மலர்க்காட்சி சமயம். ஊட்டி சேரிங் கிராஸ் பக்கம் ரோட்டோரத்துல மேசை போட்டு வித்தோம். எங்க குழுவுக்கு மூணு நாள் முறை. வர்க்கி, தேயிலைத் தூள், கையால பின்னின கம்பளித் தொப்பி. பார்வைக்கு நல்லா இருக்கட்டும்னு வெள்ளைத் தொப்பி ஒண்ணை எல்லாத்துக்கும் மேல வச்சிருந்தேன். மூணாம் நாள் சாயங்காலம் ஒரு அம்மா அதை எடுத்துப் பார்த்துட்டு, "இது பழசா, அடியில இருக்கிற புதுசைக் கொடுங்க"ன்னாங்க. அது பழசு இல்லை. மூணு நாள் புகை. வீட்டுக்கு வந்து மூக்கைச் சிந்தினா கைக்குட்டையும் கறுப்பு.

என் மகள் ஊட்டியில படிக்கிறாள். சாயங்காலம் பஸ்ஸுக்காக முக்கால் மணி நேரம் ரோட்டோரம் நிற்பாள். சீசன் வந்தா ஒரு மணி நேரம் தாண்டும், நெரிசல்ல பஸ் நகரணுமே. அந்த மாசம் அவளுக்கு ராத்திரியில இளைப்பு வந்தது. டாக்டரம்மா இரண்டு கேள்வி கேட்டாங்க. "வீட்டில் விறகு அடுப்பு உண்டா? பிள்ளை பஸ்ஸுக்கு எங்கே நிற்கிறாள்?" வெந்நீர் அடுப்பு இன்னும் விறகுதான்னு ஒத்துக்கிட்டேன். இரண்டாவதுக்கு என்ன பதில் சொல்றது?

அதுக்கப்புறம்தான் படிக்க ஆரம்பிச்சேன். வண்டிப் புகையில இருக்கிற நுண்துகள், நம்ம தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லை. மூக்கு அதைத் தடுக்காது, நேரா நுரையீரலின் அடிக்கே போயிடும். அதை 2.5 துகள்னு சொல்றாங்க. ஒரு கன மீட்டர் காற்றில் அது 24 மணி நேரச் சராசரியாக 60 மைக்ரோகிராமுக்கு மேல் போகக்கூடாதுன்னு நம்ம நாட்டு அளவு. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்ன அளவு 15 தான். ஆனா சராசரிங்கிறது நாள் முழுக்கச் சேர்த்துப் பார்க்கிறது. என் மகள் நிற்கிற அந்த ஒரு மணி நேரத்தை அது தனியாகக் காட்டாது.

"குளிர்ந்த ஊர்ல காத்து சுத்தம்தானே"ன்னு கேட்கிறவங்களுக்கு ஒண்ணு கேட்கிறேன். ஜனவரியில உறைபனி விழுந்தா எந்தத் தேயிலை முதல்ல கருகும்? பள்ளத்துல இருக்கிறதுதான். மேட்டுத் தோட்டம் தப்பிக்கும். குளிர்ந்த காத்து கனம், பள்ளத்துல இறங்கி அப்படியே உட்கார்ந்துடும். ஊட்டி டவுனே ஒரு கிண்ணம் மாதிரி. குளிர்காலக் காலையில புகையும் அந்தக் கிண்ணத்துக்குள்ளேதான் உட்காரும். மேட்டுல முதல் கியர்ல ஏறுற வண்டி சமவெளியில ஓடுறதைவிட அதிகமா எண்ணெய் குடிக்கும், அதிகமா கக்கும். விவசாயம் பண்ற நமக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

எத்தனை வண்டி வருதுன்னும் பார்த்தேன். 2024-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் வைத்த கணக்கின்படி, சீசனில் நீலகிரிக்குள்ள ஒரு நாளைக்குச் சராசரியா 20,011 வண்டி. அதில் கார் மட்டும் 11,509. அந்த வருஷம் மே 7 முதல் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை வார நாளில் 6,000, சனி ஞாயிறு 8,000 வண்டிதான்னு கோர்ட் வரம்பு வச்சது. உள்ளூர் வண்டிக்கும் அரசுப் பஸ்ஸுக்கும் அந்த வரம்பு இருக்கலை.

இங்கேதான் எங்க குழுவுக்குள்ள சண்டை. ஏப்ரல் 2-ஆம் தேதி மாவட்டம் முழுக்கக் கடையடைப்பு நடந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். "கார் வரலைன்னா உன் தொப்பியை யாருடி வாங்குவா? கடன் தவணையை நீ கட்டுவியா?"ன்னு எங்க ஊக்குநர் அக்கா நேராவே கேட்டாங்க. கேட்டது நியாயம். அந்த மூணு நாள் வருமானம்தான் எங்களுக்கு இரண்டு மாசத் தவணை. ஆள் வரக்கூடாதுன்னு நான் சொல்லவே இல்லை. அவங்க ஏறி வர்ற கார் எல்லாம் சேரிங் கிராஸ் வரைக்கும் வரணுமாங்கிறதுதான் என் கேள்வி. காரை ஊருக்கு வெளியே நிறுத்திட்டு சுற்றுப் பஸ்ல வந்தா, நெரிசல்ல கண்ணாடியை ஏத்திக்கிட்டு உட்காராம இறங்கி நடப்பாங்க. நடக்கிறவங்கதான் மேசை முன்னாடி நிப்பாங்க. அந்த மூணு நாள்ல என்கிட்ட வாங்கினவங்க ஒருத்தர்கூடக் காரிலிருந்து இறங்கி வந்தவங்க இல்லை. அக்கா இதை இன்னும் முழுசா ஒத்துக்கலை.

அவங்க இன்னொண்ணும் கேட்டாங்க. "உன் வீட்டுக்காரர் பிக்கப் வண்டி புகை விடலையா?" அடுத்த நாள் எடுத்துப் பார்த்தா புகைச் சான்று முடிஞ்சு நாலு மாசம். மேட்டுப்பாளையத்துக்குக் கேரட் ஏத்திட்டுப் போற வண்டி. எனக்கு வாயே வரலை. சங்கத்தில் உள்கடன் எடுத்து நாசில் மாத்தி, சான்று வாங்கினோம். இப்போ கறுப்பாக் கக்குறதில்லை, டீசலும் கொஞ்சம் மிச்சம். நம்ம ஹட்டிகள்ல இப்படி எத்தனை வண்டி இருக்குன்னு ஒவ்வொரு குழுவும் எண்ணிச் சொல்லணும். மனு கொடுக்கப் போறப்ப "முதல்ல உங்க வண்டியைப் பாருங்க"ன்னு யாரும் சொல்லிடக் கூடாது.

மனுவில் மூணு விஷயம் கேட்டிருக்கோம். பள்ளிப் பிள்ளைகள் பஸ்ஸுக்கு நிற்கிற இடத்தை ரோட்டை விட்டு உள்ளே தள்ளணும். நிற்கிற வண்டி என்ஜினை அணைக்கணும். சீசன்ல சுற்றுப் பஸ்ஸைக் கூட்டணும், அது நிற்கிற இடத்துல நம்ம குழுக்களுக்கு மேசை கொடுக்கணும். கடைசி வரி ஊக்குநர் அக்கா சேர்த்தது. நல்ல வரி.

கையெழுத்து நோட்டு பின் வரிசையில இருக்கு, இதுவரைக்கும் 41 பேர் போட்டிருக்காங்க. வர்ற திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்குக் காலை எட்டு மணி பஸ்ல போறோம். வர முடிஞ்சவங்க பேர் கொடுங்க. அந்தத் தொப்பியை நான் துவைக்கலை. அதையும் எடுத்துட்டு வர்றேன்.