வெக்கை நோயை வென்ற வரலாறு



வெக்கை என்றால் உங்களுக்குக் கோடைக்காலத்துப் புழுக்கம் நினைவுக்கு வரும். உங்கள் முன்னோர்க்கோ அது ஒரு மாட்டு நோயின் பெயர். உழவு மாடும் கறவைப் பசுவும் சில நாட்களில் மாண்டு போக, நிலத்தை உழ வகையின்றி ஒரு குடும்பம் கலங்கி நின்ற துயரத்தின் பெயர். அந்த நோய் இன்று உலகில் எந்த நாட்டிலும் இல்லை. அஃது எவ்வாறு இல்லாமற் போயிற்று என்பதையே இன்று சொல்ல விரும்புகிறேன்.

வெக்கை ஒரு வைரஸ் நோய். மனிதரைத் தாக்கும் தட்டம்மையின் வைரஸுக்கு இதன் வைரஸ் நெருங்கிய உறவு. ஆயினும் இது மனிதரைப் பற்றுவதில்லை. மாடும் எருமையுமே இதற்கு முதல் இரை. முதலில் கடுங் காய்ச்சல் காணும், கண்ணிலும் மூக்கிலும் நீர் வடியும், வாயெல்லாம் புண்ணாகும், பிறகு ஓயாத கழிச்சல். உடலின் நீர் வற்றி மாடு சாய்ந்துவிடும். இந்நோயை முன்பு கண்டறியாத மந்தையில் புகுந்தால், நூற்றுக்கு எண்பது தொண்ணூறு மாடுகளைக் கூட அது கொண்டுபோகும்.

மாடு மடிந்தால் மனிதனும் மடிவான் என்பதை ஆப்பிரிக்கா கண்டது. 1880களின் இறுதியில் இந்நோய் அக்கண்டத்தின் வடகிழக்கில் புகுந்தது. பத்தே ஆண்டுகளில் தென்கோடி வரை பரவிற்று. எத்தியோப்பியாவில் ஏர் பூட்ட மாடில்லை, மழையும் பொய்த்தது. தொடர்ந்து வந்த பஞ்சத்தில் அந்நாட்டு மக்களில் மூன்றிலொரு பங்கினர் மாண்டிருக்கலாம் என்று மதிப்பிடுகின்றனர்.

கால்நடை மருத்துவம் தனிக் கல்வியாக வளர்ந்ததற்கும் இந்நோய் ஒரு பெருங்காரணம். 1762இல் பிரான்சு நாட்டின் லியோன் நகரில் க்லோத் பூர்ழெலா என்பவர் உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். அக்காலத்தில் ஐரோப்பாவின் மந்தைகளை அழித்து வந்தது இந்த வெக்கையே.

நம் நாட்டில் 1889இல் பூனாவில் ஓர் ஆராய்ச்சிக்கூடம் அமைக்கப்பட்டது. கொடிய கிருமிகளை ஊர் நடுவே வைத்து ஆராய்வது ஆபத்தன்றோ? ஆகவே 1893இல் அதை இமயமலைச் சாரலிலுள்ள முக்தேசுவரத்திற்கு மாற்றினர். இன்றைய இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தின் தோற்றம் அதுவே. நோயிலிருந்து பிழைத்த மாட்டின் சீரத்தை ஊசி வழியே செலுத்தி மற்ற மாடுகளைக் காக்கும் முறை அப்போது கையாளப்பட்டது. ஆனால் அந்தக் காப்பு சொற்ப காலமே நிற்கும். 1920களில் அங்கு பணியாற்றிய ஜே. டி. எட்வர்ட்ஸ் வேறொரு வழி கண்டார். வைரஸை ஓர் ஆட்டிலிருந்து மற்றோர் ஆட்டுக்கு என்று மீண்டும் மீண்டும் செலுத்தி வந்தார். ஆட்டின் உடலுக்குப் பழகப் பழக, மாட்டைக் கொல்லும் வேகம் அதற்குக் குறைந்தது. எதிர்ப்பாற்றலைத் தூண்டும் தன்மையோ குறையவில்லை. 1954இல் இந்தியா தொடங்கிய வெக்கை ஒழிப்புத் திட்டத்துக்கு அந்தத் தடுப்பூசி பெருந்துணையாயிற்று.

அதற்கும் ஒரு குறை இருந்தது. சில இன மாடுகள் அதன் வேகத்தைத் தாங்கவில்லை. கென்யாவில் வால்டர் ப்ளோரைட் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி, கன்றின் சிறுநீரக உயிரணுக்களில் வைரஸை வளர்த்து, 1960ஆம் ஆண்டை ஒட்டி, எல்லா இன மாட்டுக்கும் ஏற்ற தடுப்பூசியை உருவாக்கினார். ஒருமுறை போட்டால் நெடுங்காலம் காக்கும், விலையும் குறைவு.

ஆனால் தடுப்பூசி கண்ணாடிக் குப்பியில் இருக்கும்வரை ஒரு மாட்டையும் காப்பதில்லை. அதைக் குளிர் மாறாமல் பனிக்கட்டியில் வைத்துக் காட்டுவழியும் வரப்புவழியும் சுமந்து சென்றவர்கள் வேண்டும். மிரளும் மாட்டை அணைத்துப் பிடித்துக்கொள்ளும் உழவரும் வேண்டும். இந்த எளிய மனிதர்களின் பெயர்களை எந்த நூலும் பட்டியலிடவில்லை. ஆராய்ச்சியின் பயனைத் தொழுவத்தில் சேர்த்தவர்கள் இவர்களே.

நண்பர்களே, இவ்வரலாற்றில் நான் மிகவும் வியக்கும் கட்டம் இனித்தான் வருகிறது. நோய் அரிதாகிவிட்டது. அது அறவே ஒழிந்ததா, எங்கேனும் பதுங்கியிருக்கிறதா? எப்படி அறிவது? மாட்டின் குருதியைச் சோதித்தால், நோய் கண்டு பிழைத்த மாட்டிலும் எதிர்ப்பொருள் இருக்கும். தடுப்பூசி போட்ட மாட்டிலும் இருக்கும். இரண்டையும் பிரித்தறிய இயலாது. ஆகவே உண்மையை அறிய ஒரே வழி, தடுப்பூசியையே நிறுத்துவது! பகைவன் போய்விட்டானா என்று தெரிய, கேடயத்தைக் கீழே வைக்கவேண்டும். நிறுத்தியபின் நோய் திரும்பி வந்தால் பழி யாருடையது? அந்த அச்சத்தை மீறி நாடுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊசியை நிறுத்தின. ஊர் ஊராகத் தேடின; இளங்கன்றுகளின் குருதியைச் சோதித்தன. இந்தியாவில் கடைசியாக 1995இல் இந்நோய் காணப்பட்டது; 2006இல் வெக்கையற்ற நாடென்ற ஏற்பு நமக்குக் கிடைத்தது. உலகில் அது கடைசியாகத் தென்பட்டது 2001இல், கென்யாவின் காட்டெருமைகளிடையே. 2011இல் வெக்கை உலகிலிருந்து ஒழிந்தது என்று அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்கு அடுத்து மனித முயற்சியால் அடியோடு ஒழிக்கப்பட்ட இரண்டாவது நோய் இதுவே.

பணி முடிந்துவிடவில்லை. இதே குடும்பத்தைச் சேர்ந்த ஆட்டுக்கொல்லி நோய் இன்னும் உலகில் உலவுகிறது. ஓரிரு ஆடுகளையே செல்வமாகக் கொண்ட ஏழைகளின் வாழ்வை அது குலைக்கிறது. அதையும் 2030ஆம் ஆண்டுக்குள் ஒழிப்பது என்று உலக நாடுகள் இலக்கு வகுத்துள்ளன. விலங்கியல் பாடத்தை இன்று தேர்வுக்காகப் படிக்கும் உங்களுள் சிலர் நாளை இப்பணிக்கு வருவீர்களானால், வாயில்லாச் சீவன்களும் அவற்றை நம்பி வாழ்வோரும் பயனடைவர்.