பட்டியலை நாமே எழுதுவோம்!
(ஆலைத் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)

தோழர்களே!

நம் பிள்ளைகள் பொறியியல் படிப்புக்கு மனுப் போடும் வேளை இது. தமிழ்நாட்டில் அதற்கான நுழைவுத் தேர்வு 2007-ல் ஒழிந்தது. கணக்குக்கு 100, பௌதிகத்துக்கு 50, இரசாயனத்துக்கு 50 என்று 200-க்குக் கணக்கிடுகிறார்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தோருக்கு 2021 முதல் 7.5 சதவிகித இடம் தனி; கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் சர்க்கார் பொறுப்பு.

ஆனால் விருப்பப் பட்டியலை யாரிடமோ காசு கொடுத்து நிரப்புகிறோம். அங்கேதான் ஏமாறுகிறோம்! பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்ப்பார்கள். மதிப்பெண்ணுக்கு எட்டும் முதல் இடத்தைக் கொடுத்துவிடுவார்கள். கிடைக்காதென்று அஞ்சி, ஆசைப்பட்ட படிப்பைக் கீழே தள்ளினால், கிடைக்க வேண்டியதும் போகும்.

எந்தப் பிரிவு என்று பிள்ளையைக் கேட்போம். கணினி ஒன்றே படிப்பல்ல. நூற்பாலையும் பம்புசெட்டும் மின்சாரப் படிப்பில்லாமல் ஓடுமா?

சங்க அலுவலகத்துக்கு வாருங்கள். கூடி உட்கார்ந்து எழுதுவோம்!