விபத்துக்குப் பின் முதற் சில நிமிஷங்கள்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நாம் இன்று எடுத்துக்கொண்ட விஷயம் விழா மேடைக்கு ஏற்ற இனிய விஷயமன்று. வீதியில் ஒரு வண்டி புரண்டு கிடக்கையில், ஆம்புலன்ஸ் வந்து சேரும்வரை நாம் செய்ய வேண்டியது என்ன என்பதே அது. மலைநாட்டில் இருந்துகொண்டு இதைப் பேசாதிருத்தல் இயலாது. 2023 ஜனவரி 20ஆந் தேதி நானுஓயா, ரதெல்லைக் குறுக்கு வீதியில், கொழும்பிலிருந்து சுற்றுலா வந்த மாணவர்களின் பஸ் ஒரு வேனுடனும் முச்சக்கர வண்டியுடனும் மோதி 7 பேர் மாண்டனர். 2025 மே 11ஆந் தேதி விடியற்காலை, கதிர்காமத்திலிருந்து குருநாகலுக்குச் சென்ற பஸ் கொத்மலை கரண்டிஎல்லவில் பள்ளத்தில் உருண்டது. இருபதுக்கும் மேற்பட்டோர் உயிர் துறந்தனர். இத்தகைய இடங்களுக்கு முதலில் ஓடி வருபவர் டாக்டருமல்லர், பொலிஸாருமல்லர். அயலில் வசிப்பவரும் வழிப்போக்கருமே. எனவே அவர்களுடைய கைகள் பழகியிருக்க வேண்டும்.

நம்மவர் இரக்கத்திற்குக் குறைவில்லை. ஆனால் அந்த இரக்கமே அவசரமாக மாறிவிடுகிறது. ஒருவர் தோளைப் பிடிக்க, ஒருவர் காலைப் பிடிக்க, அடிபட்டவரை முச்சக்கர வண்டியின் பின்னாசனத்தில் மடக்கித் திணித்து, வளைவுக்கு வளைவு குலுங்கக் குலுங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டோடுகின்றனர். முதுகெலும்போ கழுத்தெலும்போ முறிந்தும் உள்ளேயிருக்கும் நரம்பு சேதப்படாதவர்கள் உண்டு. அவர்களை அப்படி மடக்கித் தூக்கும்போது அந்த நரம்பு நசுங்கலாம். எழுந்து நடமாடியிருக்க வேண்டியவர் ஆயுள் முழுவதும் படுக்கையில் கிடக்க நேரும். கொழுந்தெடுத்துப் பிழைக்கும் வீட்டில் அதன் பொருள் என்ன என்பதை இச்சபைக்கு விளக்க வேண்டியதில்லை.

ஆகவே நெருப்புப் பற்றும் அபாயமோ, வண்டி மேலும் சரியும் அபாயமோ இல்லையெனில், அவரை இருந்த இடத்திலேயே இருக்க விடுங்கள். ஒருவர் தலைமாட்டில் அமர்ந்து, தலையும் கழுத்தும் திரும்பாமல் இரு கைகளாலும் பிடித்துக்கொள்ளட்டும். மோட்டார் சைக்கிளில் வந்தவரின் தலைக்கவசத்தை, மூச்சுக்குத் தடையில்லாதவரை, கழற்ற வேண்டாம். வாந்தி வந்தாலோ வாயில் இரத்தம் நிறைந்தாலோ மூச்சே முதன்மை. அப்போது தலை, தோள், இடுப்பு மூன்றும் ஒரே நேரத்தில் திரும்பும்படி, மரக்கட்டையை உருட்டுவதுபோல், நாலு பேராக ஒருபக்கம் சாய்க்க வேண்டும். பள்ளத்திலிருந்து தூக்கித்தான் தீரவேண்டுமென்றால் கம்பளியில் தூளி கட்டாதீர்கள். தூளி உடலை வளைத்துவிடும். பலகையோ கழற்றிய கதவோ கொண்டுவாருங்கள்.

அதற்காகக் கம்பளியை வீட்டில் வைத்துவிட்டு வரவேண்டாம்! நுவரெலியாக் குளிரில் அது பெரிய மருந்து. உடல் குளிர்ந்தால் இரத்தம் உறைவது தாமதப்படும். காயத்திலிருந்து மேலும் மேலும் வடியும். நனைந்த துணியை நீக்கிப் போர்த்திவிடுங்கள். இரத்தம் பெருகும் இடத்தில் சுத்தமான துணியை மடித்து வைத்து, கையெடுக்காமல் பலமாக அழுத்துங்கள். துணி நனைந்தால் அதன்மேல் இன்னொன்று. காயத்தில் கம்பியோ கண்ணாடியோ குத்தி நின்றால் அதைப் பிடுங்கக் கூடாது. சுற்றிலும் அழுத்த வேண்டும். கோப்பித் தூள், மஞ்சள், மண்ணெண்ணெய் இவற்றைப் பெரியோர் மன்னித்து மறந்துவிட வேண்டுகிறோம். தேத்தண்ணீரும் வேண்டாம். வந்தவர்க்கெல்லாம் தேத்தண்ணீர் கொடுப்பது நமது பண்புதான். ஆனால் சத்திரசிகிச்சைக்குப் போகக்கூடியவரின் வயிறு வெறுமையாயிருப்பதே நல்லது.

எல்லோரும் காயக்காரரைச் சூழ்ந்துகொள்வதால் இன்னொரு கேடும் நேர்கிறது. பனிமூட்டத்தில் வளைவு திரும்பிவரும் லொறிக்குக் கூட்டம் தெரியாது. வாலிபர் இருவர் மேலும் கீழும் ஓடி, தூரத்திலேயே வெளிச்சம் காட்டியோ சிவப்புத் துணி வீசியோ வண்டிகளை நிறுத்த வேண்டும். புரண்ட வண்டியின் இயந்திரத்தை நிறுத்துங்கள். பெற்றோல் வாடை வீசுமிடத்தில் பீடி பற்றவைப்பவரைத் துரத்துங்கள். சாரதியை அடிக்கக் கை ஓங்குவோரையுந்தான். அவருக்கும் உள்ளே அடிபட்டிருக்கலாம். நியாயம் விசாரிக்கப் பொலிஸும் நீதிமன்றமும் உள்ளன.

வழக்கைப்பற்றி ஒரு வார்த்தை. வீதியோரத்திலேயே சில ஆயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு "சமாதானம்" செய்துகொள்ளும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. மறுநாள்தான் விலா எலும்பு முறிந்தது தெரியவரும். மூன்றாந் தரப்புக் காப்புறுதி ஒவ்வொரு வண்டிக்கும் சட்டப்படி கட்டாயமானது; ஆனால் பொலிஸ் முறைப்பாடு பதியப்படாமல் நட்டஈடு கேட்பது மிகக் கடினம். வாக்குமூலத்தைத் தமிழிலேயே கொடுக்க அரசியலமைப்பு நமக்கு உரிமை தந்திருக்கிறது. வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதியதன் கீழ் கையொப்பமிடாதீர்கள்.

முதலில் செய்ய வேண்டிய ஒன்றை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்தோம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் "சுவசெரிய" ஆம்புலன்ஸ் இலவசமாக வரும், பொலிஸுக்கு 119. ஆனால் எங்கே வரச் சொல்வது? நமது தோட்டங்கள் பலவற்றுக்கு நாம் வழங்கும் தமிழ்ப் பெயர் ஒன்று. வீதிப் பலகையில் இருப்பது வேறொன்று. கொழும்பில் தொலைபேசியை எடுப்பவர் நமது பெயரை அறியார். பலகைப் பெயர், டிவிஷன், பிரதான வீதியின் கிலோமீற்றர்க் கல், அருகிலுள்ள பாலம் அல்லது கோயில் இவற்றைச் சொன்னால்தான் வண்டி வழி தவறாது. இவற்றை ஒரு தாளில் எழுதி, இன்றிரவே உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து, லயத்துச் சுவரிலும் ஒட்டிவிடுங்கள்.