கணுக்காலின் அருமை



அணுசக்தி நகரின் மாடிக் குடியிருப்புகளில் வாழும் நம்மவர்க்குக் கணுக்காலின் அருமையைப் படிக்கட்டே உணர்த்திவிடும். ஏறுகையிலும் இறங்குகையிலும் உடலின் பாரத்தைத் தாங்குவது அச்சிறு மூட்டேயாகும்.

நெடுநாள் நோவுக்குப் பின் அறுவைச் சிகிச்சை முடிந்ததும், துன்பம் தீர்ந்தது என எண்ணுகிறோம். நோயாளியின் பணியோ அப்போதுதான் தொடங்குகிறது. மூட்டெலும்புகளைப் பிணைத்திருப்பின், அவை கூடப் பல வாரங்கள் ஆகும். பின்னர், மெலிந்த தசைகளைப் பயிற்சியால் வலுப்படுத்த வேண்டும்.

அத்தகைய பயிற்சியின் ஆற்றலுக்குப் பம்பாய் நடனமணி சுதா சந்திரன் சான்றாவார். 1981இல் தமிழ்நாட்டில் நேர்ந்த சாலை விபத்திற்குப் பின், காயம் அழுகியமையால் அவருடைய கால் ஒன்றை முழங்காலுக்குக் கீழே அகற்ற நேர்ந்தது. மருத்துவர் பி. கே. சேத்தியும் கைவினைஞர் ராம்சந்திர சர்மாவும் 1960களில் உருவாக்கிய ஜெய்ப்பூர்க் கால் அவருக்குத் துணையாயிற்று. கணுக்காலிடத்து வளைந்து கொடுப்பது அதன் சிறப்பு. வெறுங்காலுடன் நடக்கவும் குந்தி அமரவும் அது இடந்தரும். ஆயினும் அக்காலைக் கொண்டு ஆடுவதற்கு அவர் நோவைப் பொறுத்து நாள்தோறும் பயில வேண்டியிருந்தது. 1984இல் மீண்டும் மேடையேறினார்.

ஆதலின், சிகிச்சை பெற்ற அன்பர்கள் மருத்துவர் குறித்த நாளுக்கு முன் காலை ஊன்றலாகாது. அந்நாள் வந்தபின் அஞ்சித் தயங்கவும் வேண்டா. நோவு மிகுந்தாலும், வீக்கமோ காய்ச்சலோ கண்டாலும், பொறுத்திராமல் மருத்துவரிடம் உடனே கூறுக.