மேரி கிங் முடுக்கு: எடின்பரோவின் அடியில் ஒரு தெரு

ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவில், குன்றின் உச்சியிலுள்ள கோட்டையிலிருந்து கிழக்கே ஹோலிரூட் அரண்மனை வரை சரிந்து இறங்கும் நெடுந்தெருவின் வடபுறத்தில், அந்நகர மன்றத்தின் கட்டடம் நிற்கிறது. தெருவில் நின்று பார்ப்பவர்க்கு அது முற்றமும் தூண்களும் கொண்ட, சில தளங்களே உயர்ந்த பழைய அரசு அலுவலகமாகத் தோன்றும். பின்புறம் இறங்கிச் சென்று அண்ணாந்து பார்த்தாலோ பத்துக்கும் மேற்பட்ட அடுக்குகள் தெரியும். இந்த வேறுபாட்டுக்குக் குன்றின் சரிவே காரணம். அச்சரிவில், அலுவலர்களின் மேசை நாற்காலிகளுக்கு நேர் அடியில், வாசற்படிகளும் சாளரங்களும் அடுப்பு மாடங்களும் கல் பாவிய நடைபாதையும் கலையாமல், மேலே கூரை மூடிய ஒரு தெரு கிடக்கிறது. மேரி கிங் குளோஸ் என்பது அதன் பெயர்.

குளோஸ் என்று ஸ்காட்லாந்தியர் வழங்கும் சொல், பெருந்தெருவிலிருந்து பிரிந்து இருபுறமும் உயர்ந்த வீடுகளுக்கு நடுவே இறங்கும், இரவில் கதவிட்டு அடைக்கத்தக்க குறுகிய வழியைக் குறிக்கும். திருநெல்வேலிப் பக்கத்தார் 'முடுக்கு' என்று சொல்வது இதற்கு மிக நெருங்கி வருவதால், இவ்வுரையிலும் அச்சொல்லே கையாளப்படுகிறது. 1513ஆம் ஆண்டு ஃபிளாடன் போரில் ஆங்கிலேயரிடம் தோற்ற பின்னர் எடின்பரோ மக்கள் தம் ஊரைச் சுற்றி மதில் எழுப்பிக்கொண்டனர். மதிலுக்குள் மக்கள் பெருகப் பெருக, பக்கவாட்டில் இடமில்லாத நகரம் மேல்நோக்கி வளர்ந்தது. ஏழு மாடி, எட்டு மாடி என எழுந்த வீடுகளுக்கு இடையே, இரு கைகளையும் விரித்தால் இருபுறச் சுவர்களையும் தொட்டுவிடும் அகலமே பல முடுக்குகளுக்கு மிஞ்சியது. வெயில் எட்டாத கீழ்த்தளங்களில் ஏழைகளும் கால்நடைகளும், காற்றும் வெளிச்சமும் உள்ள மேல் தளங்களில் வழக்கறிஞரும் வணிகரும் என ஒரே படிக்கட்டைச் சுற்றி எல்லாத் தரத்து மக்களும் குடியிருந்தனர். இரவானதும் 'கார்டிலூ' என்று கூவிவிட்டு மேலிருந்து கழிவுநீரைக் கொட்டுவது வழக்கம்; தண்ணீர் வருகிறது, விலகிக்கொள் என்ற பொருளுடைய பிரெஞ்சுத் தொடரின் சிதைவு அது என்பர். கொட்டியதெல்லாம் சரிவில் வழிந்து, நகரின் வடக்கே கிடந்த நார் லாக் என்ற ஏரியில் சேர்ந்தது.

முடுக்குகள் பெரும்பாலும் அங்கே சொத்துள்ள ஆடவரின் பெயரையோ, அங்கு நடந்த தொழிலின் பெயரையோ பெறும். இது ஒரு பெண்ணின் பெயரைப் பெற்றது குறிப்பிடத்தக்கது. மேரி கிங் கணவரை இழந்தபின், 1629ஆம் ஆண்டளவில் நான்கு குழந்தைகளுடன் இங்கே குடிவந்து, துணி விற்றும் தையல் வேலை செய்தும் பிழைத்தவர். நகரில் சொந்தமாக வணிகம் நடத்தும் உரிமை பெற்றவரைப் பர்ஜெஸ் என்பார்கள். அந்த உரிமையும் அவருக்கு இருந்தது. 1644ஆம் ஆண்டு அவர் இறந்தார்.

அவர் இறந்த ஆண்டின் இறுதியில்தான் எடின்பரோவுக்குப் பிளேக் நோய் வந்தது. இங்கிலாந்தின் நியூகாசில் நகரை முற்றுகையிட்டுத் திரும்பிய படைவீரரோடு வந்த அந்நோய், 1645ஆம் ஆண்டு முழுவதும் நகரைக் கலக்கியது. நாடாளுமன்றம் வேற்றூருக்கு மாறியது, பல்கலைக்கழகம் லின்லித்கோவுக்குப் பெயர்ந்தது. அக்குளிலும் தொடையிடுக்கிலும் நெறிகட்டி, காய்ச்சலில் மனிதர் சில நாட்களில் மாண்டனர். நகர மன்றம் அமர்த்திய ஜான் பாலிஷியஸ் என்ற மருத்துவர் சில மாதங்களிலேயே அந்நோய்க்குத் தாமே பலியானார். அவருக்குப் பின் வந்த ஜார்ஜ் ரே என்பவருக்கு மாதம் 100 ஸ்காட்லாந்து பவுன் சம்பளம் பேசப்பட்டது. பன்னிரண்டு ஸ்காட்லாந்து பவுன் ஓர் ஆங்கிலப் பவுனுக்குச் சமம் என்றாலும் அக்காலத்துக்கு இது பெருந்தொகைதான். வாங்குவதற்கு ஆள் மிஞ்ச மாட்டார் என்ற கணக்கில்தான் மன்றம் இவ்வளவு தாராளம் காட்டியது போலும். ஆனால் ரே பிழைத்துக்கொண்டார். நிலுவைக்காக மன்றத்தோடு நெடுங்காலம் மல்லுக்கு நிற்கவும் வேண்டியிருந்தது. உடல் முழுவதையும் மூடிய தடித்த தோலாடை அவரைக் காத்திருக்கலாம். நச்சுக்காற்றைத் தடுப்பதாக எண்ணி அணியப்பட்ட அந்த ஆடை, உண்மையில் எலித் தெள்ளுகளைத் தடுத்தது. நோயைப் பரப்புவது தெள்ளு என்பதை பால்-லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் கண்டறிந்தது 1898ஆம் ஆண்டில், அதுவும் அன்றைய இந்தியாவின் கராச்சியில் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லலாம்.

மேரி கிங் முடுக்கைப் பற்றி உலகெங்கும் சொல்லப்படும் கதை இந்த ஆண்டையே களமாகக் கொண்டது. நோய் கண்ட குடும்பங்களோடு சேர்த்து முடுக்கின் இரு முனைகளையும் சுவரெழுப்பி அடைத்து, உள்ளிருந்தவர்களை நகர மன்றம் சாகவிட்டது என்றும், அவர்களுடைய ஆவிகளே இன்றும் அங்கே அலைகின்றன என்றும் அக்கதை கூறும். கேட்பவர் நெஞ்சைப் பதைக்கவைக்கும் இக்கதை பொய். நோயாளிகளில் பலர் ஊருக்குத் தெற்கே இருந்த பரோ மியூர் என்ற பொதுவெளியில் மரக்குடிசைகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். வீட்டுக்குள் அடைபட்டவர்க்கு மன்றம் உணவும் எரிபொருளும் அனுப்பியது. மேலும், முடுக்கு முழுவதும் பிணங்களோடு அடைக்கப்பட்டிருந்தால், அதே வீடுகளில் அடுத்த தலைமுறையினர் வாடகை கொடுத்து எப்படிக் குடியிருந்திருப்பார்கள் என்ற எளிய கேள்விக்கே அக்கதையால் விடை சொல்ல இயலாது.

அப்படி வாடகைக்கு வந்தவர்களில் ஒருவரிடமிருந்துதான் முடுக்கின் பேய்ப்புகழ் தொடங்குகிறது. 'கண்டறியப்பட்ட சாத்தானின் கண்காணா உலகம்' என்று பொருள்படும் தலைப்பில் 1685ஆம் ஆண்டு வெளிவந்த நூலொன்றில் அக்குறிப்பு உள்ளது. அதன் ஆசிரியர் ஜார்ஜ் சின்கிளேர் மூடநம்பிக்கையில் ஊறிய நாட்டுப்புறத்தார் அல்லர். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். காற்றழுத்தமானியைக் கொண்டு மலைகளின் உயரத்தை அளந்தவர். சுரங்கத்தில் ஊறும் நீரை வெளியேற்றும் வழிகளை ஆராய்ந்தவர். நீரின் அழுத்தம் பற்றி 1672இல் எழுதிய அறிவியல் நூலிலும் கிளென்லூஸ் என்னும் ஊரின் பேய்க்கதை ஒன்றை அவர் சேர்த்திருந்தார். இதை முரண்பாடாகக் கருதுவது இக்காலத்துப் பார்வை. ஆவி இல்லை என்பவர் நாளை கடவுளும் இல்லை என்பார் என்று அஞ்சிய அந்த நூற்றாண்டில், சான்றுடன் கூடிய பேய்க்கதையைத் திரட்டுவது நாத்திகத்துக்கு எதிரான ஆய்வாகவே மதிக்கப்பட்டது.

சின்கிளேர் கூறும் நிகழ்ச்சி இது. வழக்குத் தொழிலில் ஈடுபட்டிருந்த தாமஸ் கோல்ட்ஹார்ட் என்பவர் மனைவியோடு முடுக்கில் குடிவருகிறார். அக்கம்பக்கத்தார் சொன்னதைக் கேட்ட வேலைக்காரப் பெண் அந்த வீட்டை விட்டே போய்விடுகிறாள். ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் விவிலியம் படித்துக்கொண்டிருந்த மனைவியின் கண்முன், நரைத்த தாடியுடன் ஒரு கிழவரின் தலை, உடலின்றி, அந்தரத்தில் நிற்கிறது. கணவர் முதலில் நம்பவில்லை. இரவில் அத்தலை அவருக்கும் தோன்றுகிறது. பின்னர் ஒரு குழந்தையின் உருவமும், முழங்கைக்கு மேல் ஏதுமற்ற வெறுங்கை ஒன்றும் வருகின்றன. அந்தக் கை, குசலம் விசாரிப்பதுபோல் அவரை நோக்கி நீள்கிறது. நாயும் பூனையும் பெயர் தெரியாத சிற்றுயிர்களும் தரையெங்கும் நிறைந்து ஆட, இறுதியில் பெருமுனகல் ஒன்று எழுந்து எல்லாம் மறைகின்றன. இவ்வளவுக்குப் பிறகும் கோல்ட்ஹார்ட் குடும்பத்தார் வீட்டைக் காலி செய்யவில்லை, அவர் சாகும் வரை அங்கேயே இருந்தனர் என்று நூல் சொல்கிறது. பேயின் அட்டகாசத்தைவிட நகரத்து வீட்டு நெருக்கடி பெரிதாக இருந்தது என்று இதற்குப் பொருள்கொள்வதில் தவறில்லை.

முடுக்கில் இரவு நேரங்களில் வினோத ஒளிகள் தென்பட்டதாகச் சொல்லப்படுவதற்கு ஏரியைக் காரணமாகக் காட்டுவோர் உண்டு. நூற்றாண்டுக் கணக்கில் மலமும் குப்பையும் சேர்ந்து அழுகிய நார் லாக்கிலிருந்து சதுப்புவாயு, அதாவது மீத்தேன் கலந்த வாயு, சரிவின் வழியே வீடுகளுக்குள் பரவி மங்கலாக எரிந்திருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. நம் ஊர்ச் சதுப்புகளில் கொள்ளிவாய்ப் பிசாசு என்று அஞ்சப்பட்டதற்குச் சொல்லப்படும் விளக்கமும் இதுவே. மங்கிய ஒளிக்கு இது பொருந்தினும், குசலம் விசாரிக்கும் கைக்குப் பொருந்தாது.

முடுக்கு உண்மையில் மூடப்பட்டதும் உண்டு; ஆனால் அதைச் செய்தது கொள்ளைநோய் அன்று, நகரத்தின் பெருமித உணர்ச்சி. 1750இல் முடுக்கின் ஒரு பகுதி தீயில் அழிந்தது. அடுத்த ஆண்டு நெடுந்தெருவில் பழைய அடுக்குவீடு ஒன்றின் சுவர் சரிந்து விழுந்தது. இதை வாய்ப்பாகக் கொண்டு, ஜார்ஜ் டிரம்மண்ட் தலைமையிலான நகரத்தார், வணிகர்கள் கூடிப் பேரம்பேச அழகிய மாளிகை ஒன்று வேண்டுமென்று 1752இல் திட்டம் வெளியிட்டு, 1753இல் அடிக்கல் நாட்டினர். ஜான் ஆடம் வரைந்த வடிவத்தைத் தழுவி 1761இல் முடிந்த அந்த ராயல் எக்ஸ்சேஞ்ச்தான் இன்றைய மன்றக் கட்டடம். முடுக்கின் மேல்மாடிகளை இடித்துவிட்டு, கீழ்மாடிகளை அப்படியே அடித்தளமாக வைத்து, அதன்மேல் மாளிகையை நிறுத்தினார்கள். சரிவை நிரப்பும் செலவு அதனால் மிச்சமாயிற்று. இவ்வளவு செய்தும் வணிகர்கள் மாளிகைக்குள் நுழைய மனமின்றி, பழக்கப்பட்ட தெருவில் நின்றபடியே பேரம் பேசினர். 1811இல் நகர மன்றம் அக்கட்டடத்தைத் தனதாக்கிக்கொண்டது.

அதன் பிறகும் முடுக்கு உயிரோடுதான் இருந்தது. வடகோடியின் கீழ்ப்பகுதியை 19ஆம் நூற்றாண்டின் நடுவில் வெட்டப்பட்ட காக்பர்ன் தெரு விழுங்கியது. எஞ்சிய பகுதியில் தொழிலாளர் குடும்பங்கள் வாழ்ந்தன. கட்டடத்தை விரிவாக்க மன்றம் இடத்தை எடுத்துக்கொண்டபோது, மரம் அறுக்கும் வாள் செய்யும் ஆண்ட்ரூ செஸ்னி என்பவர் கடைசிக் குடியிருப்பாளராக 1902ஆம் ஆண்டு வெளியேறினார். இரண்டாம் உலகப் போரில் இவ்வறைகள் விமானத் தாக்குதலுக்குப் பதுங்கிடமாகப் பயன்பட்டன.

பேயும் காலத்துக்கேற்ப மாறியது. 1992இல் ஐகோ கிபோ என்ற ஜப்பானியப் பெண் ஆவியுலகத் தொடர்பாளர் இங்கே வந்து, ஓர் அறையில் தாயைப் பிரிந்து பொம்மையைத் தொலைத்த சிறுமியின் துயரத்தை உணர்ந்ததாகக் கூறி, கடையில் பொம்மை வாங்கிவந்து வைத்தார். ஆன்னி என்று பெயர்பெற்றுவிட்ட அச்சிறுமிக்கு அன்று முதல் பார்வையாளர்கள் பொம்மைகளையும் காசுகளையும் விட்டுச்செல்கிறார்கள். அக்காசு குழந்தைகள் நலனுக்குச் செல்கிறது. கடவுள் மறுப்பை அஞ்சிய நூற்றாண்டு வெட்டுண்ட தலையைக் கண்டது; குழந்தைத் துயரத்துக்கு இளகும் நூற்றாண்டு கைவிடப்பட்ட சிறுமியைக் காண்கிறது. பழைய ஏடுகளிலிருந்து எழுந்தவள் அல்லள் ஆன்னி. கிபோவின் ஒரு வருகையிலிருந்து பிறந்தவள்.

எனினும் அங்கே அச்சம் கொள்பவரெல்லாம் நடிக்கிறார்கள் என்று சொல்லிவிட முடியாது. இதே நகரில் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டப்பட்ட சவுத் பிரிட்ஜ் பாலத்தின் அடியிலும் நிலவறைகள் உள்ளன. பலர் அவற்றையும் மேரி கிங் முடுக்கையும் ஒன்றெனக் குழப்பிக்கொள்வதுண்டு. ரிச்சர்ட் வைஸ்மேன் என்ற உளவியலாளர் 2001இல் இருநூறுக்கும் மேற்பட்டோரை அந்நிலவறைகளில் தனித்தனியே இருக்கவைத்து ஆராய்ந்தபோது, பேய் உண்டெனப் பெயர்பெற்ற அறைகளில், அப்பெயரை முன்னரே அறியாதவர்கள்கூட, குளிர்ச்சியையும் யாரோ உற்று நோக்குவதுபோன்ற உணர்வையும் மிகுதியாகப் பதிவு செய்தனர். அறையின் உயரம், அதன் வெளியே உள்ள வெளிச்சத்தின் அளவு போன்றவற்றோடு அவ்வுணர்வு இணைந்திருந்தது. ஆக, அச்சம் மெய். அதை எழுப்பியது அறையின் அமைப்பு.

2003ஆம் ஆண்டு முதல் மேரி கிங் முடுக்கு கட்டணம் செலுத்தும் பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது. அதற்கு நுழையும் வழி அடுத்துள்ள வாரிஸ்டன் முடுக்கில் அமைந்துள்ளது. மேலே உள்ள மாளிகையில் நகர மன்றம் இன்றும் கூடுகிறது.